எம்.பி.ஏ.வும் ஒரு துண்டு சாக்பீஸும்

வாயைத் திறக்காமல் கொட்டாவி விடத் தெரிந்தவர்கள்தான், பகலில் வேலை மாலையில் எம்.பி.ஏ. என்கிற தொழிலுக்கு லாயக்கானவர்கள். படிப்பைப் போய்த் தொழில் என்கிறாளே என்று நினைக்க வேண்டாம். ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நசுங்கி, டிபன் பாக்ஸில் மிச்சமிருக்கும் இரண்டு இட்லியைப் படிக்கட்டில் நின்றபடி விழுங்கிவிட்டு வகுப்புக்குள் ஓடியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். கப்பலில் வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஆபீஸ். அங்கிருந்து கிளம்பி ராயபுரம் வந்தால் வகுப்பு. படிப்பின் பெயர் வணிக நிர்வாகமும் தலைமைப் பண்பும். நிர்வாகம் பரவாயில்லை, புத்தகத்தைப் புரட்டினால் வந்துவிடும். தலைமைதான் என்னை உதைத்தது. பஸ்ஸில் கண்டக்டரிடம் "டோல்கேட் ஒண்ணு" என்று கேட்பதற்குள் எனக்கு இரண்டு ஸ்டாப்பிங் போய்விடும். இதைப் படிக்கிறவர்களில், குரல் தொண்டையோடு நின்றுவிடும் என் இனத்தார் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

மூன்றாம் வகுப்பு பெஞ்ச்

எங்கள் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பகலில் ஆரம்பப் பள்ளி, மாலையில் எம்.பி.ஏ. சுவரில் ஆடு, இலை, ஈட்டி எல்லாம் வரைந்திருக்கும். எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு. அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை முட்டும். என் பக்கத்து பெஞ்சில் ஏழுமலை அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், தபாலில் பி.காம். முடித்தவர், ஆறடிக்குக் குறையாத ஆள். அவர் உட்காரவில்லை, பெஞ்சைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் நாள், தலைமைப் பண்பு எடுக்கும் வரதன் சார் எல்லாரையும் எழுந்து பெயரும் வேலையும் சொல்லச் சொன்னார். எண்ணூர் அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் இன்ஜினியராக இருந்த சேகர், ஏதோ கூட்டத்தில் பேசுகிற மாதிரி கணீரென்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்தது நான். எழுந்தேன். சொன்னேன். சார் காதருகே கை வைத்து "என்னம்மா?" என்றார். மறுபடி சொன்னேன். "இன்னொரு தடவை?" என்றார். மேலே சுற்றிய மின்விசிறி என்னைவிட நன்றாகப் பேசியது. மூன்றாம் தடவைக்கு என்னிடம் மூச்சு இல்லை.

ஏழுமலை அண்ணன் பெஞ்சோடு சேர்ந்து பாதி எழுந்தார். "சார், அது பேரு ஸ்டெல்லா, பாரிமுனைல டைப்பிஸ்டு. மேல கிரேன்ல குந்திகினு கீழ நிக்கிறவன் வாயப் பாத்தே சரக்க எறக்குற ஆளு நானு. எனக்கு நல்லாவே கேட்டுச்சு!"

சுண்டல் முறை

வரதன் சார் ஒரு கப்பல் கம்பெனியில் பணியாளர் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். எந்தப் பதிலையும் கேட்டுச் சிரிக்காத வாத்தியாரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. யார் எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதுவார். அதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும். அவருடைய எல்லாச் சட்டையிலும் இடது பக்கம் மட்டும் வெள்ளை பூத்திருக்கும்.

ஒரு நாள் ஒரு கேஸ் ஸ்டடி. அமெரிக்காவில் ஏதோ பிஸ்கட் கம்பெனி. மேனேஜரும் ஃபோர்மேனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, உற்பத்தி விழுந்துவிட்டது, நீங்கள் தலைவராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. சேகர் மூன்று கோட்பாடு சொன்னார். இன்னொருவர் இரண்டு பேரையும் இடமாற்றம் செய்தார். ஏழுமலை அண்ணன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பொட்டலம் சுண்டல் வாங்கிக் குடுப்பேன் சார். ஒரே பொட்டலத்துல கைய வுட்டுகினு எவனாலயும் மூஞ்சத் திருப்பிக்க முடியாது" என்றார். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். மூன்று கோட்பாட்டுக்கும் கீழே, நாலாவதாக, 'சுண்டல் முறை' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

திரும்பி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்கோங்க. இது பரீட்சைக்கு வராது, வேலைக்கு வரும்."

தலையாட்டிப் பேசியது

இரண்டாம் செமஸ்டரில் எல்லாரும் ஒரு தலைப்பில் வகுப்பெடுக்க வேண்டும். நான் கண்ணாடித் தாள்களில் கலர் பேனாவால் அச்சுப் போல எழுதி எடுத்துப் போயிருந்தேன். புரொஜெக்டரில் முதல் தாளை வைத்தேன். வெளிச்சம் விழுந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த தமிழும் போயிற்று, தெரியாத இங்கிலீஷும் போயிற்று. வெளியே மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. நான் அப்படியே நிற்கிறேன்.

சேகர் எழுந்தார். ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தார். முகத்தைக் கழுவியும் புருவத்தில் சாம்பல் மிச்சமிருந்தது. "மேடம், நீங்க சொல்ல வர்றது, சம்பளம் ஏத்தினா மட்டும் வேலை நல்லா நடந்துடாதுங்கிறதுதானே?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்போ பாராட்டினா நடக்குமா?" பாதி என்று கையைக் காட்டினேன். "அடுத்த தாள்ல அதுக்கு உதாரணம் வருதா?" தாளை மாற்றினேன். இப்படியே அவர் கேட்கக் கேட்க, நான் ஆட்ட ஆட்ட, கடைசித் தாள்வரை ஓடிவிட்டது. தன் நண்பனுக்குக்கூட இப்படிக் கைகொடுக்கிறவர்கள் குறைவு. நான் அவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். சார் மட்டும் என் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஸ்டெல்லா, உங்க தாள் எல்லாம் நல்லாப் பேசுது. நீங்கதான் இன்னும் ஆரம்பிக்கலை."

ஒரே ஒரு கேள்வி

கடைசி செமஸ்டரில் தலைமைப் பண்புக்குப் பரீட்சையே கிடையாது என்றதும் குதித்தோம். அதற்குப் பதில் என்ன என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டோம். ஒவ்வொருவரும் ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் சம்பளம் கொடுக்கிற கூட்டமாக இருக்கக் கூடாது. நமக்குப் பயப்படுகிற கூட்டமாகவும் இருக்கக் கூடாது. அவர்களோடு சேர்ந்து அவர்களுடைய ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டும். வரதன் சார் ஏதாவது ஒரு நாள் சொல்லாமல் வருவார். அங்கே இருப்பவர்களிடம் ஒரே கேள்வி கேட்பார்: "இங்கே யார் லீடர்?" கை நம் பக்கம் நீண்டால் பாஸ். இல்லையென்றால் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

திரும்பப் படிக்கத்தான் வழியில்லை. எங்கள் பேட்ச்சோடு மாலை வகுப்பை மூடிவிடுவதாகக் கல்லூரியில் அறிவித்துவிட்டார்கள். பகலில் படிக்க வேலையை விட வேண்டும், வேலையை விட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஆபீசிலோ, பட்டத்தைக் கொண்டுவந்தால் டைப் மெஷினிலிருந்து எழுப்பி டாக்குமென்ட் பிரிவில் போடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஆக, யாரோ முன்பின் தெரியாதவர்கள் என்னை நோக்கி விரல் நீட்டுவதில்தான் என் இரண்டு வருடமும் தொங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க யாரும் என்னைக் கவனிக்காதபடி நிற்கப் பழகியவள் நான்.

ஏழுமலை அண்ணன் காசிமேட்டில் ஒரு கேரம் கிளப்பை எடுத்துக்கொண்டார். சேகர் எண்ணூர்க் குப்பத்துப் பையன்களின் கால்பந்து அணியை எடுத்துக்கொண்டார். எனக்கு எந்தக் கூட்டமும் தெரியாது. தினமும் நான் நிற்கிற கூட்டம் ஒன்றுதான், டோல்கேட் பக்கத்தில் எங்கள் தெருவுக்குக் காலையில் வரும் தண்ணீர் லாரி. மழை பொய்த்துப் போய், குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த காலம் அது. சொன்னதும் ஏழுமலை அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "தண்ணி லாரியா? வேணாம் சிஸ்டர். அங்க மிலிட்டிரி வந்தாலும், துப்பாக்கிய ஓரமா வெச்சுட்டு கொடத்தப் புடின்னுவாங்க."

டோக்கன்

எங்கள் தெரு வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, பொருட்கள் நிற்கும். குடம், உடைந்த பக்கெட், செங்கல், ஒற்றைச் செருப்பு. ஒவ்வொன்றும் ஒரு வீடு. அந்தச் செங்கல் யார், அந்தச் செருப்பு யார் என்று எல்லாருக்கும் தெரியும். லாரி வந்ததும் பொருட்கள் ஆட்களாக மாறும், ஆட்கள் சண்டையாக மாறுவார்கள். அதில் எல்லார் குரலுக்கும் மேலே கேட்பது கஸ்தூரி அக்காவின் குரல். காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை அவர்களுக்கு. அங்கே ஐஸ் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

புத்தகத்தில் வரிசைக் கோட்பாடு என்று ஒரு பாடம் உண்டு. அதைப் படித்த திமிரில், ஆபீசில் வீணாய்ப் போன அட்டையை வெட்டி நம்பர் போட்டு டோக்கன் செய்தேன். முதலில் வருகிறவருக்கு ஒன்றாம் நம்பர். எதுவும் பேசாமல் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பதுதான் எனக்கு அதில் பிடித்த அம்சம். ஒரு வாரம் தெரு அமைதியாகத்தான் இருந்தது. எனக்கே ஆச்சரியம். முதல் வீட்டுச் செல்வி மட்டும் தினமும் விடியலில் வந்து ஒன்றாம் நம்பரை வாங்கிக்கொண்டு போவாள். ஆனால் லாரி வந்தால் வரமாட்டாள். பாவம், என்ன வேலையோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நாத்தனாருக்கு வளைகாப்பு. காலையில் இரண்டு பெரிய டிரம், அண்டா, சொந்தக்காரர்கள் கொண்டுவந்த குடங்கள் எல்லாம் வரிசைக்கு முன்னால் வந்து இறங்கின. செல்வி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அத்தனை நாள் டோக்கனும் உள்ளே. எல்லாம் ஒன்றாம் நம்பர். ரேஷன் கூப்பன் மாதிரி சேர்த்து வைத்திருக்கிறாள்! "இது அன்னன்னிக்குத்தான் செல்லும்" என்று நான் முனகினேன். செல்வி டோக்கன்களை விசிறி போல் விரித்துத் தெருவுக்கே காட்டினாள். "செல்லாதுன்னா இன்னா அர்த்தம்? நான் இன்னா கள்ள நோட்டா அடிச்சேன்? நீயே உன் கையால குட்த்தது தானே பாப்பா!"

தட்டிப் பார்த்தது

டோக்கன் செத்தது. செங்கல்லும் செருப்பும் திரும்பி வந்தன. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பேச வராதவர்களுக்கு உள்ள ஒரே வசதி, பார்க்க நேரம் கிடைப்பது. நான் சண்டையைப் பார்க்க ஆரம்பித்தேன். சண்டை முன்னால் ஆரம்பிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் கடைசியில்தான் ஆரம்பித்தது. கடைசியில் நிற்பவருக்கு லாரியில் இன்னும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாது. தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் நெருக்குவார். அவர் நெருக்கினால் அவருக்கு முன்னால் இருப்பவர் நெருக்குவார். அது அப்படியே அலை மாதிரி வந்து முன்னால் உடையும். முன்னால் குடம் வைத்திருப்பவளோ, பின்னால் இருப்பவர்கள் பிடுங்கிவிடுவார்களோ என்று இன்னொரு குடம் சேர்த்துப் பிடிப்பாள்.

எங்கள் வீட்டில் காஸ் தீரப்போகிறதா என்று அம்மா சிலிண்டரை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். நிறைந்த இடம் மொத்தென்று சொல்லும், காலியான இடம் ணங்கென்று சொல்லும். மறுநாள் லாரியின் பின்பக்கத் தகட்டை நான் அப்படித் தட்டினேன். சத்தம் மாறுகிற இடத்தில், வகுப்பிலிருந்து எடுத்துவந்த சாக்பீஸ் துண்டால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டி, கீழே இன்னொரு கோடு. நீல வண்டியில் வெள்ளைக் கோடு தெருக்கோடி வரை தெரிந்தது. கஸ்தூரி அக்கா அன்றைக்கு ராத்திரி வேலை முடிந்து வந்து கடைசியில் நின்றிருந்தார்கள். "இன்னாமே அது?" என்றார்கள். நான் பக்கத்தில் போய்த்தான் சொன்னேன்: "தண்ணி இதுவரைக்கும் இருக்குக்கா." அவர்கள் திரும்பித் தெருவுக்கே சொன்னார்கள்: "அட, பாதி வண்டி அப்டியே கீதுடி! எதுக்கு அட்ச்சுகினு சாவுறீங்க?" நெருக்கல் நின்றது. சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது.

அன்றிலிருந்து நான் தட்டுவேன், கோடு போடுவேன், அக்கா கத்துவார்கள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வரிசை நெடுக அது போகும். கோடு மேலே இருக்கும்வரை வீட்டுக்கு இரண்டு குடம், எல்லாருக்கும் ஒரு சுற்று முடிந்த பிறகு கோட்டைப் பார்த்து அடுத்த சுற்று என்று தெருக்காரர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். வேலைக்குப் போனவர்களின் செங்கல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் நகர்த்தி, அவர்கள் குடத்தையும் நிரப்பி வாசலில் வைத்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. பயம் போனதும் அவர்களுடைய பெருந்தன்மை தானாக வெளியே வந்தது. அதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். லாரி டிரைவருக்குத்தான் தாங்கவில்லை. கீழே இறங்கி வந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "இன்னாமா, என் வண்டி முதுவுல டெய்லி கோலம் போட்டுகினு கீற? மார்கழி மாசமா இது?"

கேரம் கிளப்பின் விரல்

இதற்கிடையில் சார் ஒவ்வோர் இடமாகப் போக ஆரம்பித்திருந்தார். சேகரின் பையன்கள் "சேகர் அண்ணன்தான்" என்று சொன்னதோடு, சாரையும் கோல் போஸ்டில் நிற்க வைத்துவிட்டார்களாம். அவர் பேண்ட்டில் எண்ணூர் மண்ணோடுதான் அன்று வகுப்புக்கு வந்தார்.

கேரம் கிளப்பில் சார் போய்க் கேட்டபோது யாரும் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லையாம். நாலு பேரும் இடது கையால் மூலையில் இருந்த ஏழுமலை அண்ணனைச் சுட்டிக் காட்டிவிட்டு, வலது கையால் ஆட்டத்தைத் தொடர்ந்தார்களாம். சாருக்குச் சந்தேகம். ஏன் அவர் என்று கேட்டிருக்கிறார். ஒரு பையன் மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னானாம்: "அவரு தோத்தாக்கூட அடுத்து ஆடுறவனுக்கு பவுடர் தூவிட்டுத்தான் சார் எந்திரிப்பாரு."

ஒத்திகை

என் கதி என்னவாகும் என்று ஒரு மாலை அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா அதைக் கஸ்தூரி அக்காவிடம் சொன்னார்கள். கஸ்தூரி அக்காவிடம் சொன்னால் தெருவுக்குச் சொன்ன மாதிரி. மறுநாள் லாரி போன பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. "யார் லீடருன்னு ஒரு சாரு வந்து கேப்பாராம். நம்ம பாப்பா பேர சொல்லலேன்னா அதும் படிப்பு பூடுமாம். உட்ருவமா?" என்றார்கள் அக்கா. செல்விகூட "உட மாட்டோம்" என்று கத்தினாள். டோக்கன் செல்வி!

நல்ல மனசுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் தலைவர் என்றால் ஒரு முறை இருக்கிறது. கஸ்தூரி அக்காவின் வீட்டுக்காரர் மாணிக்கம் அண்ணன் மைக் செட் போடுகிறவர். எல்லாக் கட்சிக் கூட்டமும் பார்த்தவர். அவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். பூக்கடையில் தினம் ஒரு மாலைக்குச் சொல்லியாயிற்று. பொன்னாடை யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது. துணி பேனரில் என் பெயரை என்னைவிடப் பெரிதாக எழுதியிருந்தார்கள். கோஷம் ஒத்திகை வேறு நடந்தது. "எங்கள் தெருவின் தங்கமே" என்று ஒரு பாதி கத்த, "ஸ்டெல்லாவே வாழ்க" என்று மறு பாதி. நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வேண்டாம் அண்ணா என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினேன்.

மாணிக்கம் அண்ணன் ஒயரைப் பல்லால் கடித்துக்கொண்டே என்னைச் சமாதானப்படுத்தினார்: "மாலை இல்லாம இன்னா தலைவரு பாப்பா? அப்பால வர்ற சாருக்கு எப்டி அடையாளம் தெரியும்?"

சார் வந்த ஞாயிறு

ஞாயிறு பூசை முடிந்து வெள்ளைச் சுடிதாரில் நான் தெருமுனை திரும்பும்போது, மாணிக்கம் அண்ணன் கடை போன் அடித்துக்கொண்டிருந்தது. ஏழுமலை அண்ணன்தான், நான் கொடுத்திருந்த நம்பருக்கு, டோல்கேட் பூத்திலிருந்து. "சிஸ்டர்கிட்ட சொல்லு மாமு, சார் டோல்கேட்ல எறங்கி வழி கேட்டுகினு கீறாரு." அவ்வளவுதான். என்னை வீட்டுக்குள் போகவே விடவில்லை. கழுத்தில் மாலை விழுந்தது. தோளில் பொன்னாடை. "மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று மாணிக்கம் அண்ணன் ஊரை எழுப்பினார். கையில் ஒரு ஃபைலோடு வரதன் சார் தெருவுக்குள் நுழைந்தபோது, பேனருக்கு அடியில் கல்யாணப் பெண் மாதிரி நான் நிற்கிறேன். சார் கேள்வியைக் கேட்டு முடிக்கவில்லை. 'யார்' என்றதுமே "எங்கள் தெருவின் தங்கமே!" கிளம்பிவிட்டது. கடைசி வீட்டு நாய்கூடக் குரைத்தது.

கோஷம் அடங்கியதும் சார் என்னைத் தனியே அழைத்தார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. "ஸ்டெல்லா, இவங்களுக்கு உங்க மேல அன்பு இருக்கு. அதுல சந்தேகம் இல்லை. ஆனா இது சொல்லிக் கொடுத்த பதில். நான் இதுக்கு மார்க் போட்டா, மத்தவங்களுக்குப் போட்ட மார்க்குக்கு மரியாதை இல்லாம போயிடும்" என்றார். ஃபைலை மூடினார். மூடியது எனக்குக் கேட்டது. மைக்கைப் பிடித்து நடந்ததை எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். சேகர் என்றால் சொல்லியிருப்பார். நான் மாலையில் இருந்த ஒரு ரோஜா இதழைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது லாரியின் ஹாரன் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த நொடி தலைவியும் இல்லை, தங்கமும் இல்லை. பேனரைப் பிடித்திருந்தவர்கள் அதைக் கீழே போட்டார்கள். மைக் ஒயர் கால்களில் சிக்கி இழுபட்டது. "யோவ், ஒயர சுத்துயா!" என்று கஸ்தூரி அக்கா புருஷனைத் திட்டிக்கொண்டே ஓடினார்கள். ஓடுகிற கூட்டத்துக்குப் பயந்து, சார் ஒதுங்கி ஒதுங்கி லாரியின் பின்பக்கத் தகட்டிலேயே போய் ஒட்டிக்கொண்டார். வரிசை நின்றது. கிளீனர் ஹோஸை இழுத்து முதல் குடத்துக்கு நேரே பிடித்தான். கஸ்தூரி அக்கா ஹோஸின் வாயைக் கையால் பொத்தினார்கள். "இரு. இன்னும் தட்டல."

தெரு அப்படியே நின்றது. முன்னால் இருந்த செல்வி குடத்தைப் பின்னுக்கு இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கடைசிவரை எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. கோஷம் போட்டபோது இருந்த சிரிப்பு எதுவும் அந்த முகங்களில் இல்லை. வேலை நேரத்து முகம். நான் மாலையோடு போய்த் தகட்டைத் தட்டினேன். மேலே தட்டினேன், கொஞ்சம் கீழே தட்டினேன். சத்தம் மாறும் இடம் தெரிந்தது. ஆனால் கையில் சாக்பீஸ் இல்லை. அது தினசரிச் சுடிதாரின் துப்பட்டா முடிச்சில் வீட்டில் இருந்தது. நான் வெறும் கையைப் பார்த்தேன். சாரும் என் கையைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார், காலியாகக் காத்திருக்கிற குடங்களைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் விரலை விட்டு, ஒரு துண்டு சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நீட்டியவர் நகரத்தான் மறந்துவிட்டார். கோடு போட வேண்டிய இடத்தில் அவர் தோள் இருந்தது. கஸ்தூரி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஓரமா நில்லு சார்! அது கோடு போடாம இங்க ஒருத்தியும் கொடத்த வெக்க மாட்டா!"

ஃபைல்

சார் ஓரமாக நின்றார். நான் கோடு போட்டேன். அக்கா கத்தினார்கள். கடைசிக் குடம் நிறையும்வரை அவர் போகவில்லை. நடுவில் இரண்டு குடத்தைத் தூக்கி ஒரு வயதான அம்மாவின் வாசலில் வைத்துவிட்டும் வந்தார். போகும்போது மூடிய ஃபைலைத் திறந்து எதையோ எழுதினார். என்ன மார்க் என்று சொல்லவில்லை.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் தலைமைக்கான முறைகளை வரிசையாக எழுதினார். நாலாவதாகச் சுண்டல் முறை. ஐந்தாவதாகக் குறுக்கே ஒரு நீளக் கோடு மட்டும் போட்டார், பெயர் எழுதவில்லை. கையிலிருந்தது கரைந்து, வேறு சாக்பீஸ் தேடி அவர் பையில் கை விட்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது, அவருடைய துண்டை நான் திருப்பித் தரவில்லை. எழுந்து கொண்டுபோய் நீட்டினேன். சார் தலையசைத்தார். "வெச்சுக்கோங்க ஸ்டெல்லா. பாஸ் ஆனவங்க திருப்பித் தர வேண்டியதில்லை."

பட்டமும் வந்து, டைப் மெஷினிலிருந்து டாக்குமென்ட் பிரிவுக்கும் போன பிறகு, தலைமைப் பண்பைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கையில் ஒரு துண்டு சாக்பீஸும் பக்கத்தில் ஒரு கஸ்தூரி அக்காவும் இருந்தால் வாயே திறக்காமல் ஒரு தெருவை நடத்திவிடலாம், ஆனால் டோல்கேட்டுக்கு ஒரு டிக்கெட் வாங்க எனக்கு இன்னமும் இரண்டு ஸ்டாப்பிங் ஆகிறது.